முயல் தீவுக்குக் கறுப்பு வண்டு போன கதை

வண்டு எண்ணுகிற உத்தியோகத்தில் வண்டால் வருகிற தொல்லை குறைவு. அது கடிக்காது, எண்ணும்போது குறுக்கே பேசாது, இன்றைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று லீவு கேட்காது. தொல்லையெல்லாம் மனிதர்களால்தான், அதிலும் பாதிக்குமேல் என்னால்தான். நீங்களும் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாத வேலையில் இருந்து, அந்த வேலையில் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு தப்பைச் செய்துவிட்டு, தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தவரானால், கொஞ்சம் பக்கத்தில் வந்து உட்காருங்கள். இது நம்மைப் போன்றவர்களுக்காக எழுதுவது.

என்ன உத்தியோகம்?

முத்தையாபுரத்தில் எங்கள் தெருமுனையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்கு, தெருவில் யார் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்பது தெரியாவிட்டால் தராசு நேராக நிற்காது. நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்து எட்டு மாதம் சும்மா இருந்தபோது கேட்காதவர், வேலை கிடைத்த மறுநாளே பிடித்துக்கொண்டார்.

“யாருகிட்டலே வேலை?”

“மச்சாது சார்கிட்ட.”

“கப்பல் ஏஜெண்டா?”

“இல்லை அண்ணாச்சி. வண்டு ஆராய்ச்சி.”

“சத்தமாப் பேசுலே. என்னத்த ஆராய்ச்சி?”

மெதுவாகப் பேசுவது என் சுபாவம். இரண்டாவது தடவை சத்தமாகச் சொன்னதும் கடையில் நின்ற நாலு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு விளக்காமல் தப்பிக்க முடியவில்லை. மச்சாது சார் தூத்துக்குடிக்காரர். என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். விலங்கியல் படித்துவிட்டு, கல்லூரி வேலை எதுவும் அமையாமல், மதராஸிலிருந்து வந்த ஆராய்ச்சி உதவித்தொகையை நம்பி, கடற்கரைத் தெருவில் தன் வீட்டு மாடியில் கண்ணாடிக் குடுவைகளில் பொறிவண்டு வளர்த்துக்கொண்டிருந்தார். அந்த உதவித்தொகையில் ஒரு துண்டுதான் என் சம்பளம்.

விஷயம் இதுதான். எருக்கஞ்செடியில் மஞ்சளாகப் பேன் அடையும். அந்தப் பேனைத் தின்னப் பொறிவண்டு வரும். மிளகளவு இருக்கும், மஞ்சள் முதுகில் நெளிநெளியாகக் கறுப்புக் கோடு. சிலவற்றுக்கு மட்டும் அந்தக் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று சேர்ந்து முதுகே கறுத்துப் போயிருக்கும். தூத்துக்குடிக் கரையில் பிடித்தால் ஐந்து வண்டுக்கு ஒன்று கறுப்பு. படகேறி எதிரே இருக்கிற முயல் தீவுக்குப் போய், அதே எருக்கில் பிடித்தால், எல்லாமே மஞ்சள். கறுப்பு என்று மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது.

“கரையில வெயில் ஜாஸ்தி. கறுத்திருக்கும்” என்றார் அண்ணாச்சி.

“தீவுலயும் அதே வெயில்தான் அண்ணாச்சி. இது வெயில்ல வந்த கறுப்பில்லை. தாய் தகப்பன் வழியா வாரது.” கரை வண்டும் தீவு வண்டும் கலந்து முட்டையிட்டால், காலப்போக்கில் கறுப்பு அங்கேயும் போய்ச் சேர வேண்டும். கலக்கவே இல்லையென்றால் அங்கங்கே உள்ளது தன் போக்கில் போகும். நடுவில் கிடக்கிற கடல் இரண்டையும் அடியோடு பிரித்து வைத்திருக்கிறதா, இல்லை எப்போதாவது ஒன்றிரண்டு தாண்டுகிறதா? மச்சாது சாருக்கு அது தெரிந்தாக வேண்டும். அதற்காக நான் மாதம் தவறாமல் இரண்டு இடத்திலும் எண்ண வேண்டும்.

அண்ணாச்சி பொறுமையாகக் கேட்டார். துவரம்பருப்பைக் காகிதத்தில் கட்டி நூலைச் சுற்றினார். பிறகு உண்மையான அக்கறையோடு கேட்டார்:

“சரிலே, எண்ணிட்டே. எண்ணினதை எவன் வாங்குவான்?”

உம் கொட்டி வளர்ந்தவன்

எங்கள் தாத்தா கதை சொல்லும்போது கேட்கிறவன் ‘உம்’ கொட்ட வேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும். அரசகுமாரன் நடுக்கடலில் கிடப்பான். நான் அசந்து உம் கொட்ட மறந்தால் அவன் மறுநாள் வரைக்கும் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அந்தப் பயத்திலேயே வளர்ந்ததால், யார் எது சொன்னாலும் என் வாயிலிருந்து ‘உம்’ தானாக வந்துவிடும். அதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. ‘மேலே சொல்லுங்கள்’, அவ்வளவுதான். இதை மச்சாது சாரிடம் முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும்.

சாருடைய சட்டம் ஒன்றே ஒன்று. எண்ணிய வண்டை அந்த இடத்திலேயே ஸ்பிரிட் பாட்டிலில் போட்டுவிட வேண்டும். விட்டுவிட்டால் அதையே மறுநாளும் பிடித்து இரண்டு தடவை எண்ணிவிடுவேன் என்பது அவர் கவலை. முதல் இரண்டு மாதம் போட்டேன். ஸ்பிரிட்டில் விழுந்த வண்டு காலை மடக்கிக்கொண்டு முழங்காலில் ஒரு மஞ்சள் துளி விடும். எண்ணுகிற ஒவ்வொரு நாளும் நாற்பது ஐம்பது துளி. மூன்றாவது மாதம் கை வரவில்லை. எண்ணுவேன், நோட்டில் எழுதுவேன், டப்பாவோடு ரயில் பாதையைத் தாண்டிப் போய், இனி எண்ணப் போகாத ஒரு மூலையில் திறந்து விட்டுவிடுவேன். சாயங்காலம் சார், “எல்லாத்தையும் ஸ்பிரிட்ல போட்டுட்டியா சுயம்பு?” என்பார். நான் ‘உம்’ என்பேன்.

ஆனி மாதம் ஒரு நாள் கரையில் எண்ணி முடிக்கவே நேரமாகிவிட்டது. ரயில் பாதைப் பக்கம் போனால் கஸ்பார் அண்ணாச்சியின் வள்ளத்தைத் தவற விட்டுவிடுவேன். தீவுக் கலங்கரை விளக்கின் காவலர் குடும்பத்துக்கு வாராவாரம் தண்ணீரும் அரிசியும் கொண்டுபோகிறவர் அவர்தான். டப்பாவோடு ஓடிப் போய் ஏறினேன். வழக்கம்போல அகத்திக் கட்டின் மேல்தான் எனக்கு இடம். காவலர் பொங்கலுக்குப் பிறகு நாலு ஆடு வாங்கியிருந்தார். தீவில் அவற்றுக்கு மேய ஒன்றுமில்லாததால், ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்காலிலிருந்து வருகிற அகத்தித் தழை ஒரு கட்டு ஒவ்வொரு தடவையும் போகும். மெத்தென்று இருக்கும். அதன் மேல் உட்கார்ந்து மடியில் பிஸ்கட் டப்பாவை வைத்துக்கொண்டேன். உள்ளே நாற்பத்து மூன்று வண்டு. மஞ்சள் முப்பத்து நாலு, கறுப்பு ஒன்பது. டப்பாவுக்குள் தூறல் விழுவதுபோல் ஓயாமல் சத்தம்.

தீவில் இறங்கியதும் போட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். பாட்டிலின் மூடியைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு, எண்ணியாகிவிட்டதே, இனி இவை எங்கே இருந்தால் யாருக்கு என்ன என்று தோன்றியது. கலங்கரை விளக்குக்குப் பின்னால் எருக்கம் புதர் பக்கத்தில் டப்பாவைத் திறந்து வைத்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டேன். கரை வண்டை உயிரோடு தீவுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று சார் எனக்குச் சொன்னதில்லை. அப்படி ஒரு மடையன் இருப்பான் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. எனக்கு உறைத்ததும் திரும்பி வரும்போது, பாதிக் கடலில்தான்.

வேர்த்துப் போய் உட்கார்ந்திருந்தேன். சுக்கானைப் பிடித்திருந்த கஸ்பார் அண்ணாச்சி என் மடியில் இருந்த டப்பாவையே பார்த்துக்கொண்டு வந்தார். கடைசியில் கேட்டார்:

“ஏலே, போகும்போது சத்தம் போட்டுக்கிட்டே வந்துச்சே. எல்லாம் ஒரே நேரத்துலயா செத்துச்சு?”

ஏட்டையா எண்ணிப் பார்த்தது

இது யுத்த காலம். சாயங்காலமானால் ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. கடற்கரையில் வேலையில்லாமல் நிற்கிறவனைப் பார்த்தால் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள். நான் கடற்கரையில், கையில் பென்சிலோடு, கலங்கரை விளக்கைப் பார்த்தபடி நின்றவன். பிடித்ததில் தப்பே இல்லை.

போலீஸ் ஸ்டேஷனில் ஏட்டையா என் நோட்டைப் பிரித்தார். ‘ம 34, க 9. காற்று கச்சான். நேரம் 8-20.’ பக்கம் பக்கமாக இப்படியே. அவருக்குக் கண் விரிந்தது.

“ம-ன்னா என்னலே? மனுவாரா? எத்தனை சண்டைக் கப்பல்?”

“மஞ்சள் ஐயா.”

“க?”

“கறுப்பு.”

“எது மஞ்சள், எது கறுப்பு?”

“வண்டு.”

அவர் அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூடக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் செய்தது அதைவிட மோசம். என் பையிலிருந்த ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, ஒரு பழைய காகிதத்தில் கவிழ்த்து, மேசைமேல் வண்டுகளைப் பத்துப் பத்தாக ஒதுக்கி எண்ண ஆரம்பித்தார். வாழ்நாளிலேயே என் வேலையை முதன்முதலாகச் சரிபார்த்தவர் அவர்தான். நோட்டில் எழுதியிருந்ததில் கால்வாசிகூட மேசையில் இல்லை.

“கணக்குல இருக்கு, கண்ணுல இல்லை” என்றார், என்னை ஏற இறங்கப் பார்த்து. “இதைத்தான்ல டேசன்ல நாங்க திருட்டுன்னு சொல்லுதது.”

அந்த நேரம் பார்த்து மச்சாது சார் மூச்சிரைக்க ஓடி வந்தார். கையில் மதராஸ் முத்திரை போட்ட கடிதம். அதை ஏட்டையாவிடம் காட்டி, பொறிவண்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். ஏட்டையா களைத்துப் போய் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் விடாமல், “மத்த வண்டெல்லாம் எங்க சார்?” என்றார். சார் என் பக்கம் திரும்பி, “வேற பாட்டில்ல போட்டிருப்பே, இல்லையா?” என்றார். தாத்தா மேல் சத்தியமாக நான் ‘இல்லை’ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது ‘உம்’.

சார் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார். படி இறங்கும்போது ஏட்டையாவிடம் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்லுவேன்:

“இவன் கையை விட்டு ஒரு வண்டு போகாது ஏட்டையா. அதுக்கு நான் பொறுப்பு.”

காவலரின் சந்தேகம்

ஆடி மாதம் முழுக்கக் கச்சான் காற்று. கரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிற காற்று அது. கடல் முரடாகிவிட்டதால் கஸ்பார் அண்ணாச்சி இரண்டு தடவை மட்டும், அதுவும் தண்ணீர், அரிசி, அகத்தி இவற்றோடு போய்வந்தார், ஆளை ஏற்றவில்லை. எனக்கு அது நிம்மதி. நாற்பத்து மூன்று வண்டும் காற்றில் அடித்துக்கொண்டு போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். எந்தச் சாமியிடம் வேண்டுவது என்று தெரியாமல், சுடலைமாடனிடமும் சொன்னேன், போகிற வழியில் பனிமய மாதா கோவில் வாசலிலும் நின்றேன்.

ஆவணியில் கடல் அடங்கியதும் சார், “இந்தத் தடவை நானும் வாரேன்” என்றார். கடற்கரைத் தெருவில் பிறந்தவர்தான். ஆனால் வள்ளத்தில் கால் வைத்ததும் வாந்தி எடுப்பார். தீவில் இறங்கித் தள்ளாடிக்கொண்டு நடந்தார். நான் விளக்குக்குப் பின்பக்கம் அவர் போகாதபடி, இந்தப் பக்கம் புதர் நன்றாக இருக்கிறது, அந்தப் பக்கம் முள், பாம்பு இருக்கிறது என்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தேன். நிழல் அந்தப் பக்கம்தான் இருந்தது. அவர் நிழலுக்காகப் போனார். போனவர் அப்படியே மண்டியிட்டார்.

எருக்கிலையின் மேல், நல்ல மை போட்டது போல, கறுப்பு வண்டு. பக்கத்து இலையில் இன்னொன்று. அடுத்த செடியில் இரண்டு.

“தாண்டிட்டு!” என்றார் சார். “சுயம்பு, கடலைத் தாண்டிட்டுடே! கச்சான்ல வந்திருக்கு. ஒரு மாசம் விடாம அடிச்ச காத்துல்லா!” கண்ணில் தண்ணீர் வழிய என்னைக் கட்டிக்கொண்டார். இத்தனை வருஷமும் மஞ்சளாகவே இருந்த தீவுக்குக் கறுப்பு வருவதைக் கண்ணெதிரே பார்த்தவர் வேறு யாருமில்லை என்றார். இதை எழுதி மதராஸில் பெரியவர்கள் கூடுகிற சபையில் வாசித்தால், உதவித்தொகை நீடிக்கும். கல்லூரியில் ஓர் இடமும் காலியாக இருக்கிறது என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உம் கொட்டிக்கொண்டிருந்தேன்.

ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்த காவலர் சத்தம் கேட்டு வந்தார். சார் காட்டிய வண்டைக் குனிந்து பார்த்தார். சாரின் அழுகையையும் பார்த்தார். பிறகு சொன்னார்:

“வண்டு கறுப்பாப் பொறந்ததுக்கு இம்புட்டுச் சந்தோசப்படுத ஆளை இப்பத்தான் சார் பாக்கேன். எம் மக கறுப்பாப் பொறந்த அன்னைக்கு எங்க வீட்டுல ஒருத்தரும் சிரிக்கலை.”

சொல்லப் போய்

சார் மதராஸுக்குப் புறப்படப் பத்து நாள் இருந்தது. பத்து நாளில் ஐந்து தடவை சொல்லப் போனேன்.

சொன்னால் சபை இல்லை, கல்லூரி இல்லை, உதவித்தொகை இல்லை, நானும் இல்லை. திரும்பவும் பலசரக்குக் கடை அண்ணாச்சி முன்னால் சும்மா நிற்க வேண்டும். சொல்லாவிட்டாலோ, அந்த மனிதர் கோட்டுப் போட்டுக்கொண்டு பெரியவர்கள் முன்னால் நின்று, பொய் என்று தனக்கே தெரியாத ஒரு பொய்யைச் சொல்லுவார். ‘காற்றில் வந்தது’ என்று அச்சேறிவிடும். அதைப் படித்து வேறு எந்த ஊரிலாவது, என்னைப் போல ஒருவன், காற்று அடிக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு கடற்கரையில் நிற்பான். சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பதைப் பற்றிச் சொன்னேனே, அது இந்தப் பத்து நாள்.

ஒரு தடவை மாடிப்படி பாதி ஏறித் திரும்பிவிட்டேன். ஒரு தடவை சொல்லியேவிட்டேன். ஆனால் சார் அப்போது டைப் அடித்துக்கொண்டிருந்தார், என் குரல் அந்த மிஷினைத் தாண்டவில்லை. ஒரு தடவை எழுதிக் கொண்டுபோனேன். அவர் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்க்காமலேயே பின்பக்கத்தில் ஒரு கூட்டலைப் போட்டுவிட்டு என்னிடமே திருப்பித் தந்தார். ஐந்தாவது தடவை கீழே சாரின் அம்மா பிடித்து உட்கார வைத்து, கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள். மகனுக்கு நல்ல காலம் வந்துவிட்டது என்று சந்தோஷம். கல்லூரி வேலை ஆனதும் பெண் பார்க்கலாம் என்றும், வீரபாண்டியன்பட்டினத்தில் ஒரு பெண் இருப்பதாகவும் சொன்னார்கள். நான் கோப்பையைப் பார்த்துக்கொண்டே, “அம்மா, அந்த வண்டு...” என்று ஆரம்பித்து நிறுத்தினேன். அவர்கள் என் முகத்தை நிமிர்த்திப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்:

“என்னத்தையோ வாய்க்குள்ள வச்சு மெல்லுதே மக்கா. துப்பவாவது செய், முழுங்கவாவது செய். காப்பி ஆறுது.”

நடுக்கடல்

ரயிலுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, கடைசியாக ஒரு தடவை எண்ணிவிட்டு வரலாம் என்று சார் தீவுக்குப் புறப்பட்டார். வள்ளத்தில் மூன்று பேர். சுக்கானில் கஸ்பார் அண்ணாச்சி. நடுவில் அகத்திக் கட்டின் மேல் சாரும் நானும். கரை மறையவில்லை, தீவு நெருங்கவில்லை. சார் முகம் வெளுத்து, கண்ணை மூடிக்கொண்டு, “ஏதாவது பேசு சுயம்பு, குமட்டாம இருக்கும்” என்றார்.

பேச எனக்கு வராது. கதை சொல்ல வரும். அதனால் அப்படியே தொடங்கிவிட்டேன்.

“ஒரு ஊர்ல வண்டு எண்ணுதவன் ஒருத்தன் இருந்தான் சார்.”

சார் கண்ணைத் திறக்காமல் சிரித்தார். “உம்” என்றார்.

“எண்ணின வண்டையெல்லாம் கொல்லணும்னு அவன் எசமான் சொல்லியிருந்தாரு.”

“உம்.”

“அவனுக்குக் கை வரலை. கொன்னுட்டேன்னு சொல்லிட்டு, விட்டுருவான்.”

“உ... உம்.”

“ஒரு நாள் கரையில பிடிச்ச வண்டை உயிரோட டப்பாவுல வச்சுக்கிட்டு, இதே மாதிரி ஒரு வள்ளத்துல ஏறினான்.”

உம் வரவில்லை. பாய் படபடவென்று அடித்தது. எனக்குத் தெரிந்த சட்டப்படி, உம் நின்றால் கதையை நிறுத்திவிட வேண்டும். நானும் நிறுத்தினேன். அப்போது பின்னாலிருந்து கஸ்பார் அண்ணாச்சி, நிதானமாக, “உம்” என்றார். அந்த உம்மைப் பிடித்துக்கொண்டு மீதியையும் சொல்லி முடித்தேன். கலங்கரை விளக்கு, எருக்கம் புதர், திறந்து வைத்த டப்பா, எல்லாம்.

சார் கண்ணைத் திறந்தார். என்னைப் பார்க்கவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே, “இப்ப உன்னை இதுக்குள்ள தள்ளிவிட்டா கஸ்பார் அண்ணாச்சி சாட்சி சொல்லுவாரா?” என்றார்.

“சொல்ல மாட்டேன் சார்” என்றார் கஸ்பார் அண்ணாச்சி.

சார் குனிந்து கடலில் வாந்தி எடுத்தார். வாயைத் துடைத்தார். பிறகு, “என்னைக்கு?” என்றார். தேதி சொன்னேன். “எத்தனை?” நாற்பத்து மூன்று. “அதுல கறுப்பு?” ஒன்பது. சார் நோட்டை எடுத்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். கேட்டுக்கொண்டே இருந்தார்: எந்தப் புதர், எந்தப் பக்கம், காற்று எப்படி. திடீரென்று நிமிர்ந்தார். முகத்தில் இரத்தம் திரும்பியிருந்தது.

“டேய், வெளியே இருந்து எத்தனை வந்துச்சு, என்னைக்கு வந்துச்சுன்னு துல்லியமாத் தெரிஞ்ச தீவு எங்கடே இருக்கு? காத்துல வந்திருந்தா எனக்கு இது தெரிஞ்சிருக்குமா? ஒன்பது கறுப்பு உள்ளே போச்சு. இனி வருஷா வருஷம் அது எத்தனையா ஆகுதுன்னு எண்ணினாப் போதும்!” காற்றைப் பற்றி டைப் அடித்த பக்கங்களை மனதுக்குள் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக எழுத ஆரம்பித்துவிட்டார் என்பது தெரிந்தது. எனக்கு இரண்டு மாதத்துக்குப் பிறகு முதன்முதலாக மூச்சு அடிவயிறு வரைக்கும் போனது. சார் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “ஒண்ணே ஒண்ணு மட்டும் உண்மையைச் சொல்லு. உம்-னு சொல்லாதே. அந்த நாற்பத்து மூணைத் தவிர, வேற எந்த வழியாவும் ஒரு வண்டுகூட அங்க போகலையே?”

“இல்லை சார்” என்றேன். வாழ்க்கையில் அவ்வளவு சத்தமாக நான் பேசியதில்லை.

பின்னால் கஸ்பார் அண்ணாச்சி சுக்கானை முழங்காலுக்கு இடையில் இடுக்கிக்கொண்டார். “ரெண்டு பேரும் கொஞ்சம் எந்திங்க” என்றார். எழுந்தோம். அவர் எட்டி, நாங்கள் உட்கார்ந்திருந்த அகத்திக் கட்டின் ஒரு நுனியைத் தூக்கிப் பலகைமேல் உதறினார். பேன் அப்பிய கொழுந்துகளிலிருந்து மூன்று பொறிவண்டு விழுந்து ஓடின. இரண்டு மஞ்சள். ஒன்று கறுப்பு.

சாரும் நானும் குனிந்து பார்த்தோம். கஸ்பார் அண்ணாச்சிதான் கேட்டார்:

“பொங்கல்ல இருந்து வாரம் ஒரு கட்டு போகுது. இதுல வாரதையும் சேத்துத்தானா சார் கணக்கு?”

அதற்குப் பிறகு

சார் மதராஸ் போனார். காற்றில் வந்தது என்று வாசிக்கவில்லை. நான் விட்டதா, ஆட்டுத் தழையில் போனதா, எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல வழியில்லை, ஆனால் ஆள் போய்வருகிற வழியிலேயே வண்டின் நிறமும் போயிருக்கிறது என்று மட்டும் வாசித்தாராம். கல்லூரி இடம் வேறொருவருக்குப் போய்விட்டது. வீரபாண்டியன்பட்டினத்துப் பேச்சையும் அவர் அம்மா எடுப்பதில்லை. உதவித்தொகைக்கு இன்னும் பதில் வரவில்லை. தபால்காரர் தெருவில் திரும்பினால் சாரும் நானும் ஒரே நேரத்தில் மாடி ஜன்னலுக்கு வருகிறோம்.

என்னை அவர் போகச் சொல்லவில்லை. திரும்பி வந்த மறுநாள் காலை படகுத்துறைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். இனி தீவுக்குப் போகிற ஒவ்வொரு தழைக்கட்டையும் அதன் மேல் உதறி, விழுகிறதை நிறம் பார்த்து எண்ண வேண்டும். நான் பென்சிலை எடுத்தேன். சார் ஸ்பிரிட் பாட்டிலைத் தன் கையிலேயே வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார்.

“நீ எண்ணு. போடுறதை நான் போட்டுக்கிடுதேன்.”

வண்டு கடலைத் தாண்டுமா என்று யாராவது இன்றைக்குக் கேட்டால், நாங்கள் தாண்டினோம், அது கூட வந்தது என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.